ஒரு கோளாறு, ஒரு கார்டு

அம்மாவும் நானும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, புதுச் சாப்பாட்டு மேசையின் நான்கு முனைகளுக்கும் ரப்பர் ஒட்டியது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நான்கு மணி இருக்கும். ரப்பர் பழைய சைக்கிள் டியூப். பசை அம்மா தன் கடையிலிருந்து கொண்டுவந்தது. நான் வெட்டிக் கொடுத்தேன். அவள் ஒட்டி, காயும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

தங்கை சோபாவில் படுத்தபடி மேற்பார்வை பார்த்தாள்.

“டேபிளுக்கு மட்டும் போதுமா? கதவு, ஜன்னல், அக்கா மூக்கு, எல்லாத்துக்கும் ஒட்டிடுங்க. எங்க விழுவேன்னு எனக்கே தெரியாது.”

“வாய மூடுங்க மேனேஜர். மீதி ரப்பர் இருக்கு, அங்க ஒட்டிடுவேன்,” என்றாள் அம்மா.

தங்கைக்கு இருபத்தைந்து வயது. பதினொன்றாம் வயதிலிருந்து வலிப்பு நோய். அம்மா வேலை செய்யும் கடைக்கு வரும் புகார் போன்களை வீட்டிலிருந்தபடி எடுத்துப் பேசுவதுதான் அவள் வேலை. வாடிக்கையாளர், முதலாளி, அம்மா என்று பேதம் பார்க்காமல் அதட்டுவதால் மேனேஜர் என்று பெயர்.

செவ்வாய்க்கிழமை அம்மா இறந்தாள். வயது ஐம்பத்தெட்டு.

அவள் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவள். தண்ணீர் பம்பின் மோட்டார் எரிந்துபோனால் உள்ளே இருக்கும் செம்புக் கம்பி கருகிவிடும். அதை உருவி எடுத்து, எத்தனை சுற்று இருந்ததோ அத்தனை சுற்றுப் புதுக் கம்பியைச் சுற்றி, பள்ளங்களில் இறக்கி, வார்னிஷ் ஊற்றிச் சூட்டில் காயவைக்க வேண்டும். சில சுற்றுகள் குறைந்தால் மோட்டார் சூடாகும். கூடினால் இழுவை குறையும். முப்பத்துமூன்று ஆண்டுகள் ஒரே கடை, ஒரே ஜன்னலோர வேலைப் பலகை. வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, நான் பள்ளி முடித்த வருடம் போய்ச்சேர்ந்தார். அதன் பிறகு வீடு அந்தப் பலகையின் மேல்தான் நின்றது.

சுற்றும் கருவியில் எண்ணிக்கை காட்டும் முள் ஒன்று உண்டு. அம்மா அதைப் பார்த்ததில்லை. உதடு அசைய, தானே எண்ணுவாள். கடையில் அவளுக்கு மீட்டரக்கா என்று பெயர். அவள் எண்ணும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் பதில் எண்ணாகத்தான் வரும். சிறு வயதில் தங்கை அதற்காகவே கடைக்குப் போவாள்.

“அம்மா, நான் உனக்கு எத்தனையாவது பொண்ணு?”

“நூத்திப் பதினாறு.”

இதைச் சொல்லிச் சொல்லியே தங்கை வகுப்பில் பெயர் வாங்கினாள்.

அந்த வகுப்பறையில்தான் அவளுக்கு முதல் வலிப்பும் வந்தது. முதல் மருந்து இரண்டு ஆண்டுகள் நன்றாகவே வேலை செய்தது, பிறகு விட்டுவிட்டது. இரண்டாவதில் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தது. மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்து அவளைத் தூங்குமூஞ்சியாக்கின, வலிப்பை நிறுத்தவில்லை. இரண்டு மருந்துகள் ஒழுங்காகக் கொடுத்தும் கேட்கவில்லை என்றால், அடுத்தது கேட்பதற்கான வாய்ப்பு மிகவும் குறைவு. இதை டாக்டர் எங்களிடம் மறைக்கவில்லை.

நான் படித்தது மின்னணுவியல். அளவுக் கருவிகளைச் சரிபார்த்துச் சான்றிதழ் தரும் ஆய்வகத்தில் வேறு ஊரில் வேலை. மருத்துவம் என் துறையல்ல. ஆனால் கட்டுரைகளைப் படிப்பேன். புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்க ஆள் சேர்க்கிறார்கள், தங்கையின் பெயரைக் கொடுக்கலாமா என்று டாக்டர் கேட்டபோது, அம்மாவுக்கு அதை விளக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அவள் இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன்.

மூளையின் செல் ஒன்று அளவுக்கு மீறித் துடிக்காமல் இருக்க ஒரு பிரேக் இருக்கிறது. பிரேக்கை அழுத்தினால் செல்லின் சுவரில் ஒரு கதவு திறக்கும், வெளியே உள்ள உப்பின் ஒரு பகுதி உள்ளே பாயும், செல் அடங்கும். இது நடக்க வேண்டுமென்றால் செல்லுக்குள் அந்த உப்பு குறைவாக இருக்க வேண்டும். குறைவாக வைத்திருக்க ஒரு பம்பு, உள்ளே வருவதை ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டிருக்கிறது. சிலருடைய மூளையில் அந்தப் பம்பு தளர்ந்துபோகிறது. உள்ளே உப்பு ஏறிவிடுகிறது. அப்போது கதவைத் திறந்தால் உப்பு உள்ளே போவதற்குப் பதிலாக வெளியே வருகிறது. பிரேக்கை மிதித்தால் வண்டி வேகமெடுப்பதைப் போல.

அம்மா தட்டைக் கீழே வைத்தாள்.

“பழைய மருந்தெல்லாம் என்ன பண்ணுச்சு?”

“சிலது கதவ இன்னும் நல்லாத் திறந்து வைக்கும். சிலது வேற பக்கம் இருக்கிற கதவ மூடும்.”

“பம்ப யாரும் பாக்கலயா?”

“பம்பு மேல வேலை செய்யற மருந்து இதுவரைக்கும் கைக்கு வரல. இப்பதான் ஒண்ணு செஞ்சு பாக்கறாங்க.”

“குழியில தண்ணி நிக்குது. இவங்க பதினாலு வருஷமா கதவுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டிருந்தாங்க.”

“அப்படிச் சொல்லாதம்மா. நிறையப் பேருக்கு அதுலயே சரியாயிருக்கு.”

“சரியானவங்களுக்கு பம்பு நல்லா இருந்திருக்கும்,” என்றாள். நான் அதை மறுக்கவில்லை. முழுவதும் சரியல்ல, முழுவதும் தவறுமல்ல.

சேர்கிறவர்களில் பாதிப் பேருக்கு முதல் நான்கு மாதம் மருந்தில்லாத வெறும் மாத்திரை, யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது, நான்கு மாதம் முடிந்தபின் எல்லோருக்கும் நிஜ மருந்து என்றும் சொன்னேன்.

“டாக்டருக்கே தெரியாதா? அப்ப யாருக்குத் தெரியும்?”

“கம்ப்யூட்டருக்கு.”

“அது கால்ல போய் விழவும் முடியாது.”

“மா, எனக்கு வெறும் மாத்திரைதான் வரும். என் ராசி அப்படி,” என்றாள் தங்கை உள்ளறையிலிருந்து.

“வரட்டும். நாலு மாசந்தானே. பதினாலு வருஷம் இருந்தோம்.”

அன்றிலிருந்து அம்மாவுக்கு வேறு எதுவும் பெரிதாகப் படவில்லை. தங்கை அதில் சேர வேண்டும். கடையில் உள்ளவர்களிடமும் சொல்லியிருக்கிறாள். முதலாளி பின்னால் என்னிடம் கேட்டார், “அந்தப் பம்பு மருந்து என்னாச்சும்மா?” என்று.

சேர ஒரு நிபந்தனை இருந்தது. மருந்து தொடங்கும் முன் எட்டு வாரம், வலிப்பு எத்தனை முறை வருகிறது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். குறைந்தது எட்டு வந்திருக்க வேண்டும். மருந்துக்கு முன், மருந்துக்குப் பின் என்று ஒப்பிட எண்ணிக்கை வேண்டுமே. தங்கைக்கு வலிப்பு வரும்போது நினைவு இருக்காது என்பதால் கூட இருப்பவர்தான் குறிக்க வேண்டும். ஆய்வு நர்ஸ் அம்மாவை உட்காரவைத்துச் சொன்னார்: “ஒவ்வொண்ணையும் தனித்தனியா எழுதணும்மா.” அம்மா தலையாட்டினாள். தனித்தனியாக எழுதுவது அவளுக்குப் புதிதா?

காலையில் அம்மா கடைக்குக் கிளம்பப் பத்தரை ஆகும். தங்கைக்கு வலிப்பு பெரும்பாலும் விழித்தெழுந்த இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அதனால் அநேகமாக எல்லாமே அம்மாவின் கண் முன்னால்தான். அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துணி வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து உதடு அசைய எண்ணுவாள். முடிந்ததும் எழுதுவாள். எழுதியது கடையின் வேலைக் கார்டில். மோட்டாருக்கு எழுதும் அதே கார்டு, மஞ்சள் அட்டை.

ஞாயிறுதோறும் நான் போன் செய்வேன். எண்ணிக்கையை ஆய்வுக்காரர்களின் இணையப் படிவத்தில் ஏற்றுவது என் வேலை.

“இந்த வாரம் எத்தனைம்மா?”

“ஒண்ணு.”

அடுத்த வாரம் இல்லை என்பாள். அதற்கடுத்த வாரம் ஒன்று. எட்டு வாரத்தில் ஐந்து. எனக்கு உள்ளூரக் கலக்கம். அதே நேரத்தில் ஐந்துதான் வந்தது என்பதில் ஒரு சந்தோஷம். இரண்டையும் அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

கடிதம் வந்தது. எண்ணிக்கை போதாததால் சேர்க்க இயலவில்லை என்று இரண்டு வரி. தங்கைதான் படித்தாள்.

“வலிப்பு பத்தலயாம். பாஸ் மார்க் எட்டு, நான் அஞ்சு. வாழ்க்கையில எல்லாப் பரீட்சையிலயும் ஃபெயில், சரி. இதுலயுமா?”

சிரித்துவிட்டுப் போய் ஒரு புகார் போனை எடுத்தாள். அம்மா கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தாள். இது தங்கை பின்னர் சொன்னது. அன்று அம்மா சுற்றிய காயில் ஒன்றைப் பிரித்து மறுபடி சுற்ற வேண்டியிருந்தது என்பதை முதலாளி சொல்லித் தெரிந்துகொண்டேன். அவருக்கு நினைவு தெரிந்து அது முதல் முறையாம்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனேன். மறுநாள் காலை எட்டே காலுக்குத் தங்கைக்கு வலிப்பு வந்தது. முடிந்து, கண் விழித்து, “தண்ணி” என்றாள். குடித்தாள். என்னைப் பார்த்து, “நீ எப்ப வந்த?” என்றாள். எட்டு ஐம்பதுக்கு மறுபடி வந்தது. ஒன்பதரைக்கு மூன்றாவது. நான் பார்த்துப் பழகிய வலிப்பு ஒற்றையாக வந்து போகும். இப்படி அடுத்தடுத்து வருவது கடைசி ஓராண்டில்தான் தொடங்கியிருந்தது. எனக்கு அது தெரியாது. அம்மா அதைத் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயமாக நினைக்கவில்லை.

தங்கை தூங்கியதும் அம்மா மேசைக்கு வந்து ஒரு மஞ்சள் கார்டை எடுத்தாள். தேதி போட்டாள். ‘1’ என்று எழுதினாள்.

“ஏம்மா, மூணு வந்துச்சே?”

“ஆமா.”

“ஒண்ணுன்னு எழுதற?”

“ஒரே காலையில வந்தது. ஒரே கோளாறு. ஒரு கார்டு.” என்னைப் பார்த்தாள். “கடையில சேந்த புதுசுல ஒரு மோட்டார் ஒரு நாள்ல மூணு தடவ நின்னுபோச்சுன்னு மூணு கார்டு எழுதிட்டேன். முதலாளி எல்லார் முன்னாலயும் கேட்டாரு, ‘நின்னது மூணு தடவ, கெட்டது எத்தனை தடவம்மா?’ன்னு. மறந்துடுவேனா?”

நான் உட்கார்ந்தேன். எட்டு வாரம் எண்ணிக்கை கேட்டேன். என் வேலையே அளவு. அலகு என்னவென்று ஒரு முறையும் கேட்கவில்லை.

“அம்மா, அவங்களுக்கு நின்ன கணக்குதான் வேணும். கெட்ட கணக்கு இல்ல.”

அவளுக்குப் புரிய இரண்டு விநாடி ஆனது.  பென்சிலைக் கார்டின் மேல் வைத்தாள்.

“நானா கெடுத்தேன்?”

“நான் கேக்கல. நீ சொல்லல. ரெண்டு பேரும்தான்.”

“பின்னாடி எழுதியிருக்கேனே,” என்றாள்.

எழுதியிருந்தாள். பழைய கார்டுகள் ஐந்தையும் எடுத்துத் திருப்பினேன். மோட்டார் கார்டின் பின்பக்கம், எப்போது நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, மீண்டும் எப்படி ஓடியது என்று எழுதுவது கடை வழக்கம். அம்மா அங்கே பென்சிலால், முத்து முத்தான கையெழுத்தில், தங்கையை எழுதியிருந்தாள். ‘7.50. வலது கை முதலில். 70 சுற்று. பேர் சொன்னாள். 8.35. 55 சுற்று. என்னை அக்கா என்றாள்.’ முதல் கார்டில் மூன்று, அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு, ஒன்று, மூன்று. மொத்தம் பதிமூன்று.

“சுற்றுன்னா?”

“சுத்துதான். எண்ணினேன். அவ பக்கத்துல உக்காந்துக்கிட்டு கடிகாரத்தையா பாப்பாங்க?”

படிவத்தில் நேரம் விநாடியில் வேண்டும். போனில் நேரம் பார்த்தபடி அவளை எண்ணச் சொன்னேன். மனத்துக்குள் கம்பி சுற்றும் அதே வேகத்தில் நூறு வரை. மூன்று முறை. 125 விநாடி, 124, 126. நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான பிழை. இதைவிட மோசமான கருவிகளுக்கு நான் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். அதைச் சொன்னேன்.

“எனக்கும் ஒண்ணு குடு, கடையில மாட்டறேன்,” என்றாள். பிறகு, “இனிமே சேத்துப்பாங்களா?” என்று கேட்டாள்.

திங்களன்று ஆய்வு நர்ஸிடம் பேசினேன். அவர் டாக்டரிடம் கேட்டு இரண்டு நாளில் கூப்பிட்டார். அசல் கார்டுகள் இருந்தால் மறுபடி பார்க்கலாம். ஆனால் எழுதியவர் நேரில் வர வேண்டும். என்ன பார்த்தார், எப்படி எண்ணினார் என்று டாக்டரிடம் சொல்லி, ஒவ்வொரு வலிப்புக்கும் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த வாரம் திங்கள் காலை வாருங்கள். அதே வார வெள்ளிக்கிழமை மாலையோடு ஆள் சேர்ப்பது முடிகிறது.

அந்தச் சனிக்கிழமை, நான் ஊருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, அம்மா போன் செய்தாள்.

“வியாழக்கிழமைக்கு மாத்திக்கிட்டேன். நர்ஸம்மாகிட்ட நானே பேசிட்டேன், பதினோரு மணி.”

“ஏம்மா? திங்கக்கிழமைக்கு என்ன?”

“நாலு மாடி விடுதி ஒண்ணு. மோட்டார் எரிஞ்சுபோச்சு. எம்பது பொண்ணுங்க குடத்தத் தூக்கிக்கிட்டு மாடி ஏறுதுங்க. திங்கள் செவ்வாய் உக்காந்தா முடிச்சுடுவேன்.”

“வேற யாராவது சுத்தட்டுமே.”

“யாரு? புதுசா வந்தவன் இருக்கான், அவன் முள்ளப் பாத்துச் சுத்தறவன்.”

“வெள்ளிக்கிழமையோட முடியுதும்மா.”

“வியாழன் வெள்ளிக்கு முன்னாடிதானே வருது? இஞ்சினியருக்கு நானா சொல்லித் தரணும்?”

சரி என்றேன். வியாழன் வெள்ளிக்கு முன்னால்தான் வருகிறது.

மறுநாள் மேசைக்கு ரப்பர் ஒட்டிவிட்டு மாலை பஸ்ஸில் திரும்பினேன். கிளம்பும்போது அம்மா, கார்டுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னாள். டாக்டரிடம் என்ன பேச வேண்டும் என்று கேட்டாள். பார்த்ததைச் சொன்னால் போதும் என்றேன். “படிச்சவங்க முன்னால எண்ணிக் காட்டச் சொன்னா சிரிப்பு வந்துடுமோன்னு பயமா இருக்கு,” என்றாள்.

விடுதியின் மோட்டார் செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஓடியது. கடையின் பின்புறத் தொட்டியில் ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றினார்கள். அம்மா சாப்பிட்டாள். இரண்டே காலுக்குப் பலகையில் தலை சாய்ந்தாள். அசதியில் கண்ணயர்ந்துவிட்டாள் என்று நினைத்துச் சிறிது நேரம் யாரும் எழுப்பவில்லை. இதயம். எழுப்பியிருந்தாலும் பயனிருந்திருக்காது என்றார்கள். இதைச் சரிபார்க்க எனக்கு வழியில்லை.

விடுதியில் அன்று மாலை நான்கு மாடிக்கும் தண்ணீர் ஏறியது என்று முதலாளி சொன்னார். சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், எழுந்து வெளியே போய்விட்டார்.

வியாழக்கிழமை பதினோரு மணி ஐந்து நிமிடத்துக்குத் தங்கையின் போன் அடித்தது. ஆய்வு நர்ஸ். எங்கள் இருவருக்கும் அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கவில்லை. தங்கை போனை எனக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“என்ன மேடம், அம்மா கிளம்பிட்டாங்களா? டாக்டர் காத்துக்கிட்டிருக்காரு.”

“அம்மா வர மாட்டாங்க சிஸ்டர்.”

“ஐயோ, மறுபடியும் மோட்டாரா? நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு, நாளைக்காவது வரச் சொல்லுங்க.”

“நாளைக்கும் வர மாட்டாங்க.”

புகார் போன் எடுக்கும் அதே குரலில் தங்கை மிச்சத்தையும் சொன்னாள்.  பிறகு நர்ஸ், டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். கூப்பிட்டார். பார்த்து எழுதியவர் நேரில் சொல்லாமல் கார்டுகளை ஏற்க விதியில் இடமில்லை. வேறொருவர் பார்த்துக் குறிப்பதாக இருந்தால் எட்டு வாரம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆள் சேர்ப்பு நாளையோடு சரி. அடுத்த கட்டம் வருமா என்பது இப்போது சேர்ந்தவர்களுக்கு மருந்து கேட்கிறதா என்பதைப் பொறுத்தது. தெரிய இரண்டு ஆண்டு ஆகலாம். அவர் அழுதுகொண்டே சொன்னார். விதி சரியானது. நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

“பரவால்ல சிஸ்டர். நீங்க சாப்பிட்டீங்களா?” என்றாள் தங்கை.

அம்மா போக வேண்டியிருந்தது மருத்துவமனையின் பின்கட்டடத்துக்கு, இரண்டாம் மாடி, இடப்பக்கம் மூன்றாவது அறை. ஐந்து கார்டுகளின் பின்பக்கத்தைக் காட்ட வேண்டும். ஒரு சுற்று என்றால் எவ்வளவு நேரம் என்று டாக்டர் முன்னால் எண்ணிக் காட்ட வேண்டும். பதிமூன்று இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.